4294967297: ஒரு பெரிய எண்ணை அடையாளம் காண எந்த வழியைக் கையில் எடுப்பது?

எங்கள் கணித வட்டத்துக்கு வரும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி போன மாதம் நோட்டில் ஒரு எண்ணை எழுதிக் கொண்டுவந்தாள். 4294967297. "சார், இது பகா எண்தானே? புரோகிராம் போட்டுப் பார்த்துட்டேன், பகா எண்ணுன்னுதான் வருது."

பார்த்ததுமே எண்ணின் முகம் தெரிந்துவிட்டது. 2³² + 1. இந்த எண்ணில் ஏமாந்தவர்களின் வரிசை பெரியது, அதில் முதல் ஆள் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா. 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1 என்று போட்டால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே பகா எண்கள். அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் வருவதெல்லாம் பகா எண்தான் என்று 1640இல் அவர் நம்பினார். நிரூபணம் அவரிடம் இல்லை. 1729இல் கோல்ட்பாக் என்ற கணிதர் இதைப் பற்றி இன்னொரு கணிதரான ஆய்லருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 1732இல் ஆய்லர் பதில் கண்டுபிடித்தார்: அடுத்த எண்ணான 4294967297 பகா எண் அல்ல, 641ஆல் வகுபடும்.

மாணவியின் புரோகிராமை வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. அவள் எடுத்துக்கொண்ட வழிதான் இந்த எண்ணுக்கு ஒத்துவராதது. அன்று இரண்டு மணி நேரம் பலகையில் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா வழிகளையும் ஒப்பிட்டோம். பெரிய எண் ஒன்று கைக்கு வந்தால் எந்த வழியில் போவது என்று தடுமாறுகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

வழியைத் தேர்வதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "இது பகா எண்ணா?" என்பது ஒரு கேள்வி. "இதன் காரணிகள் எவை?" என்பது வேறொரு கேள்வி. சிறிய எண்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 91 பகா எண் அல்ல என்று சொல்லும்போதே 7 × 13 என்று வாயில் வந்துவிடுகிறது. எண் பெரிதாகும்போது இந்த இரண்டும் வெகுதூரம் விலகிப் போகின்றன. முதல் கேள்வி எளிது, இரண்டாவது கடினம். எவ்வளவு கடினம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது: வகுத்துப் பார்ப்பது. வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். நம் எண்ணின் வர்க்கமூலம் 65536ஐக் கடுகளவு தாண்டுகிறது. அதுவரை உள்ள பகா எண்கள் 6542. கணினிக்கு இது கண் சிமிட்டும் வேலை, பேனா பிடித்த கைக்கு மாதக்கணக்கான வேலை. எண்ணில் இரண்டு இலக்கம் கூடினால் வேலை ஏறக்குறைய பத்து மடங்காகும். 20 இலக்க எண் என்றால் வகுத்துப் பார்க்க 45 கோடிப் பகா எண்கள் இருக்கின்றன. கணினி அதையும் செய்துவிடும். 40 இலக்கத்தில் கணினியும் கைவிரிக்கும்.

ஆய்லர் 6542 பகா எண்களையும் வரிசையாக எடுத்து வகுக்கவில்லை. எண்ணின் வடிவத்தைப் பார்த்தார். ஏதோ ஒரு பகா எண் 2³² + 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணால் 2³²ஐ வகுத்தால் மீதி −1, அதாவது மீதியின்றி வகுபட 1 குறைகிறது. அப்படியானால் 2⁶⁴ஐ வகுத்தால் மீதி 1. 64க்கு முன்னால் எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2ஐ உயர்த்தி அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம். அதன்படி, அந்தப் பகா எண்ணிலிருந்து 1 கழித்தால் வருவது 64இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். ஃபெர்மாவின் ஊகத்தை உடைக்க அவருடைய தேற்றமே கருவியாகிறது. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆக, தேட வேண்டியவை 64இன் மடங்கோடு 1 கூட்டிய எண்கள் மட்டுமே. அவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் விடை. 1878இல் லூக்கா இதை இன்னும் இறுக்கி, 64க்குப் பதில் 128 என்று எடுக்கலாம் எனக் காட்டினார். அப்போது வரிசை 129, 257, 385, 513, 641 என்று சுருங்கும். 129ம் 513ம் 3ஆல் வகுபடும். 385 ஐந்தில் முடிகிறது. 257 இதே குடும்பத்தின் முந்தைய உறுப்பினர், இந்தக் குடும்பத்தில் எந்த இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது. ஆகவே முதல் முயற்சியே 641. சாதாரணக் கால்குலேட்டரில் போட்டாலும் 6700417 என்று மீதியில்லாமல் வரும்.

வகுக்காமலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 641 = 5 × 128 + 1. 641 = 625 + 16 என்றும் எழுதலாம். முதல் வரியின்படி 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸க்கு மீதி 1. இரண்டாம் வரியின்படி 5⁴க்குப் பதிலாக −2⁴ போடலாம். ஆக −2³²க்கு மீதி 1. அதாவது 2³² + 1ஐ 641 வகுக்கிறது. அவ்வளவுதான். பலகையில் நான்கு வரி.

வேலை இன்னும் முடியவில்லை. 6700417 பகா எண்ணா? இதன் காரணிகளும் அதே வடிவத்தில்தான் இருக்க வேண்டும். வர்க்கமூலம் 2588. 641இலிருந்து அதுவரை 128இன் மடங்கோடு 1 கூடி வரும் பகா எண்கள் நான்கே: 641, 769, 1153, 1409. வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் பூஜ்யம் இல்லை, எனவே பகா எண். ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் வேண்டிய இடத்தில் ஐந்து வகுத்தலில் முழு விடையும் நிரூபணத்தோடு கிடைத்துவிட்டது. அதனால்தான் மாணவர்களிடம் கணினியைத் திறக்குமுன் எண்ணின் வடிவத்தைப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டின் அடுக்கோடு ஒன்றைக் கூட்டியதா, கழித்ததா, இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமா என்று தெரிந்தால் பாதி வேலை குறையும். வடிவமில்லாத எண்ணுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இனி மாணவி எடுத்த வழி. எண் பகா எண்ணாக இருந்தால், 2ஐ அந்த எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வர வேண்டும். வராவிட்டால் பகா எண் இல்லை என்பது நிச்சயம். இதுதான் ஃபெர்மா சோதனை. மலைப்பாகத் தெரிந்தாலும் வேலை குறைவு: வர்க்கப்படுத்து, மீதியை எடு, மறுபடி வர்க்கப்படுத்து. நம் எண்ணுக்கு 32 முறை செய்தால் போதும். பைத்தானில் பவ் கட்டளைக்குள் மூன்று எண்களைக் கொடுத்தால் ஒரு வரியில் முடியும். சாதாரணக் கால்குலேட்டரில் இதைச் செய்யக் கூடாது. பத்து இலக்க எண்ணை வர்க்கப்படுத்தினால் இருபது இலக்கம் வரும், கருவி கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், மீதி 1 வந்துவிட்டால் அது பகா எண் என்று உறுதி சொல்ல முடியாது. 341 = 11 × 31, ஆனாலும் 2ஐ வைத்துச் சோதித்தால் தேறிவிடும். நம் எண்ணில் இது தற்செயலாக நடப்பதுகூட இல்லை. 2³²க்கு மீதி −1, 2⁶⁴க்கு மீதி 1. சோதனைக்கு வேண்டிய அடுக்கு 4294967296, அது 64இன் மடங்கு. எனவே மீதி 1 வந்தே ஆக வேண்டும். இந்தக் குடும்பத்து எண்களுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். ஃபெர்மா எண் எதுவானாலும், பகா எண்ணோ பகு எண்ணோ, 2ஐ அடிமானமாக, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாக, வைத்தால் தேறிவிடும். கேள்விக்கான பதிலைச் சோதனையே தன் உள்ளங்கையில் எழுதி வைத்திருப்பது போல. 2ஐ விட்டுவிட்டு 3ஐ வைத்தால் மீதி 3029026160. ஒன்று இல்லை. ஆகவே பகு எண். மாணவி ஒரு இலக்கத்தை மாற்றியிருந்தால் சரியான விடை வந்திருக்கும்.

அப்படியென்றால் எப்போதும் 3, 5, 7 என்று சிலவற்றை வைத்துப் பார்த்தால் போதாதா? போதாது. தம்மோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தை வைத்தாலும் தேறிவிடும் பகு எண்கள் இருக்கின்றன. கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 561, 1105, அடுத்தது நமக்கெல்லாம் நெருக்கமான 1729. ஆமாம், ராமானுஜனின் டாக்சி எண். 1729 = 7 × 13 × 19. 1728ஐ 6, 12, 18 மூன்றும் மீதியின்றி வகுக்கின்றன, அதனால்தான் இந்தச் சோதனையில் அது அகப்படுவதில்லை. இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதலாம் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தக் குணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. கார்மைக்கேல் எண்களுக்கு முடிவே இல்லை என்பது 1994இல் நிரூபணமானது. ஆகையால் ஃபெர்மா சோதனையை முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். தீர்ப்புச் சொல்ல அதை நம்பக் கூடாது.

அந்த ஓட்டையை அடைப்பதுதான் மில்லர்–ராபின் சோதனை. 1976இல் மில்லர் கொடுத்ததை 1980இல் ராபின் மாற்றி அமைத்தார். இது கடைசி மீதியை மட்டும் பார்ப்பதில்லை, 1 வருவதற்கு முந்தைய படியில் என்ன இருந்தது என்றும் பார்க்கும். பகா எண்ணாக இருந்தால், வர்க்கப்படுத்தி 1 தருவது 1 அல்லது −1 மட்டுமே. வேறு ஏதாவது இருந்தால் பிடிபட்டுவிடும். 561, 1729 போன்றவை இங்கே தப்புவதில்லை. நம் எண் 2ஐ வைத்தால் இதிலும் தப்பிவிடும், ஏனென்றால் முந்தைய படியில் சரியாக −1தான் நிற்கிறது. 3ஐ வைத்தால் அகப்படும்.

இந்தச் சோதனையின் பலம், அதன் பலவீனத்துக்கு அளவு தெரியும் என்பதே. பகு எண் எதுவானாலும், குருட்டாம்போக்கில் எடுத்த ஓர் அடிமானத்தில் தப்பிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றைத் தாண்டாது. இருபது அடிமானம் எடுத்தால் நாலில் ஒன்றை இருபது முறை பெருக்கிக்கொள்ளுங்கள், லட்சம் கோடியில் ஒன்று என்ற அளவுக்கே வந்துவிடும். இதைவிட மேலான செய்தியும் உண்டு: ஓர் எல்லை வரைக்கும் குறிப்பிட்ட அடிமானங்கள் போதும் என்று கணக்கிட்டு உறுதி செய்திருக்கிறார்கள். 4759123141க்குக் கீழே 2, 7, 61 மூன்றும் போதும். நம் எண் அந்த எல்லைக்குள் வருகிறது. 2⁶⁴க்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 20 இலக்கம் வரை, 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்கள் போதும். இந்த எல்லைக்குள் வரும் விடை நிரூபணத்துக்குச் சமம். எல்லைக்கு வெளியே, "பகு எண்" என்று சொன்னால் அது நிரூபணம், "பகா எண்" என்று சொன்னால் அது மிக மிக வலுவான நம்பிக்கை.

எனக்கு ஒரே ஒரு வழியைத்தான் கற்றுத்தர முடியும் என்றால் இதைத்தான் கற்றுத்தருவேன். வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையில் முந்நூறு இலக்கப் பகா எண்கள் வேண்டும். அவற்றைத் தேடும்போதும் இந்த வகைச் சோதனைதான் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு ஆயிரம் முறை வர்க்கப்படுத்தல், அவ்வளவே.

முழு நிரூபணம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஏ.கே.எஸ். முறை இருக்கிறது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் வெளியிட்டது. கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். எந்த எண்ணானாலும், சந்தேகத்துக்கு இடமில்லாமல், இலக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற நியாயமான நேரத்தில் விடை சொல்ல முடியும் என்று உலகுக்கு முதலில் காட்டியது அது. கோட்பாட்டளவில் மாபெரும் சாதனை. நடைமுறைக்கு மெதுவானது என்பதால் வேலைக்கு அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய எண்ணுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றால் நீள்வட்ட வளைகோடுகளை வைத்து நிரூபிக்கும் முறைதான் இன்று பயன்படுகிறது. ஃபெர்மா எண்களுக்கு மட்டும் தனிச் சலுகையாக 1877இல் பெப்பான் கொடுத்த சோதனை இருக்கிறது: எண்ணிலிருந்து 1 கழித்து, அதில் பாதி அடுக்குக்கு 3ஐ உயர்த்து. மீதி −1 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. இரண்டு பக்கமும் நிச்சயம்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். இதுவரை சொன்ன சோதனைகளில் வகுத்தலைத் தவிர வேறு எதுவும் காரணியைக் காட்டித் தராது. "இது உடையும்" என்று சொல்லும், எங்கே உடையும் என்று சொல்லாது. 2¹ + 1ஐப் பூஜ்யமாவது என்று வைத்து எண்ணினால் ஏழாம் ஃபெர்மா எண்ணான 2¹²⁸ + 1க்கு 39 இலக்கம். அது பகு எண் என்று 1905லேயே தெரிந்துவிட்டது. காரணிகள் கிடைத்தது 1970இல். அறுபத்தைந்து ஆண்டுகள்! எட்டாவது எண்ணுக்கு 1909இல் விடை, 1980இல் காரணி. இருபதாவது எண் பகு எண் என்று 1987இல் காட்டினார்கள், அதன் ஒரு காரணிகூட இன்னும் யாருக்கும் தெரியாது.

அதனால் காரணி தேடும் வேலையில் இறங்குமுன் அது உண்மையிலேயே தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேவைப்படும் இடங்கள் உண்டு. எண்ணுக்கு எத்தனை வகுத்திகள், ஏதாவது பகா எண்ணின் வர்க்கம் உள்ளே இருக்கிறதா, தன் வகுத்திகளின் கூட்டலைவிடப் பெரியதா சிறியதா என்று வகைப்படுத்த வேண்டுமானால் காரணிகள் கையில் இருக்க வேண்டும். நம் எண்ணுக்கு அவை கிடைத்துவிட்டதால் எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல், ஆகவே வகுத்திகள் நான்கு. தன்னை விட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 1 + 641 + 6700417 = 6701059, எண்ணைவிட மிகச் சிறியது, ஆகவே குறை எண். அதைவிடச் சிறியதாகவும் அதனோடு பொதுக் காரணி இல்லாமலும் இருக்கும் எண்கள் 640 × 6700416 = 4288266240. இவ்வளவு பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியாது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. ஃபெர்மாவின் ஊகம் சரியாக இருந்திருந்தால் வரைய முடிந்திருக்கும்.

காரணி தேட மூன்று கருவிகளை ஒப்பிட்டோம். ஃபெர்மாவே கொடுத்த வர்க்க வித்தியாச முறை, அதாவது எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதி உடைப்பது, இரண்டு காரணிகளும் அருகருகே இருந்தால் பிரமாதமாக வேலை செய்யும். நம் எண்ணில் 641ம் 6700417ம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரத்தில் இருக்கின்றன. 65537இல் தொடங்கி 3350529 வரை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும், ஏறக்குறைய 33 லட்சம் படிகள். அவர் எண்ணுக்கு அவர் முறை உதவவில்லை. பொலார்டு 1974இல் கொடுத்த முறை, காரணியிலிருந்து 1 கழித்தால் வருவது சிறுசிறு பகா எண்களாக உடையுமா என்பதைப் பொறுத்தது. 640 = 2⁷ × 5, ஆகவே இங்கே உடனே பலிக்கும்: 3⁶⁴⁰ − 1க்கும் நம் எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எடுத்தால் 641 வந்து நிற்கும். ஆனால் எல்லா எண்ணுக்கும் இந்த அதிர்ஷ்டம் அமையாது. அவரே 1975இல் கொடுத்த ரோ முறைக்கு அந்த அதிர்ஷ்டம் தேவையில்லை. சிறிய காரணியின் வர்க்கமூலத்தை ஒட்டிய படிகளில் அது அகப்படும், 641 என்றால் சில பத்துப் படிகள். எட்டாம் ஃபெர்மா எண்ணின் 16 இலக்கக் காரணியும் இந்த முறையின் ஒரு வடிவத்தில்தான் சிக்கியது. 20, 25 இலக்க எண் கைக்கு வந்தால் நான் ரோவைத்தான் எடுப்பேன். நிரலும் பத்து வரிக்குள் அடங்கும்.

அதற்கு வெகு மேலே, நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்குப் போனால் வீட்டுக் கணினியை நம்ப முடியாது. ஆர்.எஸ்.ஏ. முறையின் பலத்தைச் சோதிக்க வெளியிட்ட சவால் எண்களில் 250 இலக்க எண் ஒன்றை 2020இல் உடைத்தார்கள். அதற்குக் கணினியின் ஒரே பிராசஸர் கோர் என்றால் இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகள் ஓட வேண்டிய அளவுக்குக் கணிப்பு தேவைப்பட்டது. அதே எண்ணைப் பகு எண் என்று மட்டும் சொல்ல என் பழைய மடிக்கணினிக்கு ஒரு விநாடியே அதிகம்.

மாணவியிடம் கடைசியாகச் சொன்னது இந்த வரிசைதான். முதலில் வடிவத்தைப் பார். வடிவம் கைகொடுத்தால் தாளிலேயே முடி. இல்லாவிட்டால் சிறிய பகா எண்கள் நூறு வரைக்கும் வகுத்துப் பார்த்துவிட்டு, மில்லர்–ராபினுக்குப் போ, 2 ஒன்றோடு நிறுத்தாதே. காரணி வேண்டியிருந்தால் மட்டும் ரோ.

"அடுத்த எண்ணை நான் தாள்ல பண்ணட்டுமா சார்?" என்றாள். அடுத்தது 2⁶⁴ + 1, அதாவது 18446744073709551617. இதற்கு 256இன் மடங்கோடு 1 கூட்டிய எண்களைத்தான் தேட வேண்டும். 1880இல் லாந்திரி என்பவர் தம் 82ஆம் வயதில் இதன் காரணிகளை வெளியிட்டார், சிறிய காரணி 274177. வரிசையில் 1071ஆவது. 3, 5, 7 மடங்குகளை நீக்கினாலும் ஏறக்குறைய 490 வகுத்தல்கள் மிஞ்சும், ஒவ்வொன்றும் இருபது இலக்க எண்ணை வகுப்பது. விடையைச் சொல்லவில்லை, எத்தனை வகுத்தல் என்பதை மட்டும் சொன்னேன். கணினியில் ரோ போட்டால் ஒரு நொடி என்பதும் அவளுக்குத் தெரியும். "இருக்கட்டும் சார், கையிலேயே பார்க்கிறேன்" என்றாள்.

நேற்றுக் கேட்டபோது 12289ஐத் தாண்டியிருந்தாள்.